ஓர் ஊரின் அலை எட்டும் தூரம்

இண்டியானாபோலிஸ் நகரத்தில் 1969-ல் ஹைலைட்டர்ஸ் என்ற குழு 'தி ஃபங்கி 16 கார்னர்ஸ்' என்றொரு பாட்டைத் தட்டில் பதித்தது. பாடியவர் ஜேம்ஸ் பெல். உள்ளூர் கிளப்புகளில் ஆடியவர்களுக்கு அது தெரிந்த பாட்டு. ஊருக்கு வெளியே அதற்குப் பெரிய வாழ்வு அமையவில்லை. முப்பது ஆண்டு கழித்து, 2001-ல், லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டோன்ஸ் த்ரோ நிறுவனம் அந்தப் பாட்டின் பெயரையே தலைப்பாக்கி ஒரு தொகுப்பை வெளியிட்டது. அதில் இருந்த குழுக்களில் பல, ஃபங்க் இசையிலேயே ஊறியவர்களுக்குக்கூடப் புதியவை. அடுத்த சில ஆண்டுகளில் இதே போன்ற நூற்றுக்கணக்கான தட்டுகள் இணைய வானொலி நிகழ்ச்சிகளில் சுழலத் தொடங்கின. பெயர் தெரியாத ஊர், பெயர் தெரியாத குழு, மூன்று நிமிடப் பாட்டு. கேட்பவர் ஒசாகாவிலோ லிஸ்பனிலோ இருப்பார்.

இதை இணையத்தின் சாதனையாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. இந்தத் தட்டுகள் வானொலிக்காகவே செய்யப்பட்டவை. அவை பரவாமல் போனதற்குக் காரணமும் வானொலிதான்: உள்ளூர் நிலையத்தின் அலை எவ்வளவு தூரம் எட்டியதோ, பாட்டும் அவ்வளவு தூரம்தான் எட்டியது. இணைய வானொலி அந்தப் பழைய உள்ளூர் அறிவிப்பாளரின் வேலையைத் திரும்பக் கையில் எடுத்தது. எல்லை மட்டும் இப்போது இல்லை.

முதலில் தட்டைப் பற்றி. ஃபங்க் என்று தனியாக ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவது 1960-களின் நடுப்பகுதியில். ஜேம்ஸ் பிரவுன் 1965-ல் வெளியிட்ட 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்', 1967-ல் வெளியிட்ட 'கோல்ட் ஸ்வெட்' இரண்டும் அதன் எல்லைக்கற்கள். அதுவரை மெட்டும் சுர அடுக்கும் பாட்டை நடத்திச் சென்றன. இங்கே மெட்டு ஓரமாக ஒதுங்குகிறது. கிட்டார், பேஸ், ஊதுகருவிகள் எல்லாமே தாளக்கருவியாகின்றன. நம் தாளக் கணக்கில் சமம் என்கிற முதல் அடியில் அத்தனை பேரும் சேர்ந்து இறங்குவார்கள். அதன் பிறகு ஒவ்வொருவரும் மற்றவர் விட்ட இடைவெளியில் புகுந்து வாசிப்பார்கள். நியூ ஆர்லியன்ஸின் மீட்டர்ஸ் குழு 1969-ல் 'சிஸ்ஸி ஸ்ட்ரட்' வாசித்தபோது பாடகரே தேவைப்படவில்லை.

இது ஊர் ஊராகத் தொற்றியது. ஓமாஹா, டேட்டன், ஹூஸ்டன் என எங்கெல்லாம் கருப்பின மக்கள் வாழும் பகுதி இருந்ததோ, அங்கெல்லாம் ஒரு குழுவாவது இருந்தது. பள்ளியில் ஊதுகருவி கற்றவர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள், பகலில் ஆலை வேலை பார்த்தவர்கள். இவர்களுக்கு எல்.பி. தட்டு போடுமளவு பணமில்லை. ஆர்.சி.ஏ. விக்டர் 1949-ல் கொண்டுவந்த ஏழு அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 45 சுற்று சுழல்வது, கைக்கெட்டும் விலையில் இருந்தது. ஒரு பிற்பகல் ஸ்டூடியோ வாடகை, கூலிக்கு அச்சடித்துத் தரும் ஆலை, சில நூறு பிரதிகள். லேபிளில் நிறுவனத்தின் பெயர் என்று எதையாவது போட்டுக்கொள்ளலாம்; பல சமயம் அந்த நிறுவனம் என்பது குழுத் தலைவரின் வீட்டு முகவரி. பிரதிகளில் கொஞ்சம் கச்சேரி நடக்கும் இடத்தில் விற்கும், கொஞ்சம் முடிதிருத்தகத்திலும் பக்கத்துத் தட்டுக்கடையிலும் கிடக்கும். மிச்சத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வானொலி நிலையத்துக்கு நடப்பார்கள்.

தட்டின் கொள்ளளவு பாட்டின் வடிவத்தையே மாற்றியது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று, நான்கு நிமிடம்தான் நல்ல சத்தத்தோடு பதியும். ஆனால் ஃபங்க் இழுத்துக்கொண்டே போக வேண்டிய இசை. மேடையில் ஒரே சுழற்சியை அரைமணி நேரம் ஓட்டுவார்கள். அதனால் பாட்டைப் பாதியில் வெட்டி முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம் என்று பதித்தார்கள். முதல் பாகத்தில் பாடகர் இருப்பார், ஏனென்றால் வானொலிக்குப் பாடகர் வேண்டும். இரண்டாம் பாகத்தில் பாடகர் விலகிக்கொள்ள, டிரம்ஸும் பேஸும் தங்கள் வேலையைப் பார்க்கும். பிற்காலச் சேகரிப்பாளர்கள் உயிரை விட்டது பெரும்பாலும் இந்த இரண்டாம் பாகத்துக்குத்தான்.

அந்த வானொலி நிலையங்கள் எப்படி இயங்கின? டென்னசி மாநிலத்தின் நாஷ்வில்லில் டபிள்யு.எல்.ஏ.சி. என்ற நிலையம் 50,000 வாட் சக்தியில் ஒலிபரப்பியது. நடுத்தர அலை இரவில் வானத்தில் மோதித் திரும்பி வெகுதூரம் போகும். தெற்கு மாநிலங்களில் பாதிக்கு மேல் அது கேட்டது. ஜான் ரிச்பர்க், ஜீன் நோபிள்ஸ், ஹாஸ் ஆலன் ஆகிய மூன்று அறிவிப்பாளர்களும் வெள்ளையர்கள். குரலைக் கேட்டு அவர்களைக் கருப்பர்கள் என்று நம்பிய நேயர்கள் ஏராளம். நிகழ்ச்சிக்கு விளம்பரம் தந்தவர்களில் முக்கியமானவை தட்டுக்கடைகள்: காலட்டின் ஊரிலிருந்த ராண்டீஸ் ரெக்கார்ட் ஷாப், நாஷ்வில்லின் எர்னீஸ் ரெக்கார்ட் மார்ட். பாட்டைக் கேட்பவர் கடிதம் போட்டால் தட்டு தபாலில் வீடு வந்து சேரும். இரவில் தொலைதூரத்துக் குரலொன்று தெரியாத பாட்டைப் போடுகிறது, பெயரைச் சொல்கிறது, வாங்கும் இடத்தையும் சொல்கிறது. இணைய வானொலியின் முழு ஏற்பாடும் அங்கேயே இருக்கிறது.

ஆனால் 50,000 வாட் நிலையம் எல்லாருக்கும் வாய்க்காது. சிறிய ஊரின் கருப்பின நிலையம் பல இடங்களில் பகலில் மட்டுமே இயங்க உரிமம் பெற்றது, சூரியன் மறைந்ததும் மூட வேண்டும். அங்கே அறிவிப்பாளர்தான் எல்லாம். அவரே கச்சேரி ஏற்பாடு செய்வார், அவரே சில சமயம் தட்டும் வெளியிடுவார். ஓஹையோவின் கொலம்பஸில் கேப்சோல் என்ற நிறுவனத்தை 1970-வாக்கில் நடத்திய பில் மாஸ் ஒரு வானொலி அறிவிப்பாளர். ஜேம்ஸ் பிரவுன் இதன் முக்கியத்துவத்தை மற்ற எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டவர். 1960-களின் இறுதியில் நாக்ஸ்வில்லிலும் அகஸ்டாவிலும் வானொலி நிலையங்களையே வாங்கிவிட்டார். அகஸ்டா நிலையத்தின் வாசலில் சிறுவயதில் ஷூ பாலிஷ் போட்டவர் அவர்.

இந்த அறிவிப்பாளர்களின் கை மெல்லக் கட்டப்பட்டது. பாட்டுப் போடக் காசு வாங்கிய விவகாரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் 1959, 1960 ஆண்டுகளில் விசாரித்தது. அதன் பிறகு எந்தப் பாட்டைப் போடுவது என்பதை நிகழ்ச்சி இயக்குநர்கள் முடிவுசெய்யத் தொடங்கினார்கள். ஊழல் குறைந்ததா என்பது வேறு விஷயம். கக்கத்தில் தட்டோடு வரும் உள்ளூர்ப் பையனுக்குக் கதவு குறுகியது நிச்சயம். இறுதி அடி 1996-ன் தொலைத்தொடர்புச் சட்டம். ஒரே நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை அது நீக்கியது. சில ஆண்டுகளுக்குள் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்திடம் ஏறக்குறைய 1,200 நிலையங்கள் சேர்ந்தன. ஒரே பாட்டுப் பட்டியல் பல நகரங்களில் ஓடியது. ஓர் ஊருக்கென்று ஒலி இருந்த காலம் அமெரிக்க வணிக வானொலியில் ஏறக்குறைய முடிந்தது.

இதற்கிடையில் தட்டுகள் கடல் தாண்டியிருந்தன. வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் 1970-களில் இளைஞர்கள் அமெரிக்காவில் தோற்றுப்போன சோல் இசைத் தட்டுகளுக்கு விடிய விடிய ஆடினார்கள். விகன் கசீனோ என்ற மண்டபம் 1973-ல் தொடங்கி 1981 வரை இதன் தலைமையகம். அங்கே டிஜேக்கு மதிப்பு, வேறு யாரிடமும் இல்லாத தட்டு அவரிடம் இருப்பதால்தான். எனவே லேபிள்மேல் காகிதம் ஒட்டி, குழுவுக்கும் பாட்டுக்கும் பொய்ப்பெயர் சூட்டிப் போடுவார்கள். மூடுதட்டு என்று சொல்லலாம். நியூயார்க்கின் பிராங்க்ஸில் டிஜே கூல் ஹெர்க்கும் இதையே வேறு விதமாகச் செய்தார்: தட்டைத் தண்ணீரில் ஊறவைத்து லேபிளை உரித்தெடுத்துவிடுவார். அபூர்வம் என்பது ஒரு விலையாகவும் ஆயிற்று. மோட்டவுன் நிறுவனம் 1965-ல் அச்சடித்து, வெளியிடாமல் கைவிட்ட ஃப்ராங்க் வில்சன் தட்டின் ஒரு பிரதி 2009-ல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது.

இந்தச் சோல் கூட்டத்திலிருந்து வந்த ஸ்காட்லாந்துக்காரர் கெப் டார்ஜ் 1990-களில் லண்டன் சோஹோவின் மேடம் ஜோஜோஸில் வாராவாரம் கடுமையான ஃபங்க் தட்டுகளைப் போட்டு, அதற்கு டீப் ஃபங்க் என்று பெயரிட்டார். அவருக்குப் பத்தாண்டு முன்பே நார்மன் ஜே வானொலியில் வேறு வழியைக் காட்டியிருந்தார். லண்டனில் உரிமமில்லாமல் 1985-ல் தொடங்கிய கிஸ் எஃப்.எம். நிலையத்தில் அவர் நடத்திய நிகழ்ச்சியின் பெயரிலிருந்துதான் ரேர் குரூவ் என்ற வகைப்பெயரே பரவியது. ஜாக்சன் சிஸ்டர்ஸ், மேசியோ அண்ட் தி மேக்ஸ் போன்ற குழுக்களின் பத்தாண்டுப் பழைய பாட்டுகளுக்கு மறுபடி அச்சடிக்கும் அளவு கேட்பு எழுந்தது. திருட்டு வானொலி ஆண்டெனாவை அடுக்குமாடியின் உச்சியில் கட்டுவார்கள், அதிகாரிகள் பிடுங்கிப் போவார்கள், மறுவாரம் வேறு மாடியில் முளைக்கும். கிளப்பில் டிஜே பெயரை மறைத்தார். வானொலியில் பெயரைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நேயர் தொலைபேசியில் விடமாட்டார். ஊடகம் மாறியதும் தர்மமும் மாறிவிட்டது.

இணையத்தில் வானொலி ஏறியது 1990-களின் நடுவில். வடக்கு கரோலினாவின் சேப்பல் ஹில் மாணவர் நிலையமான டபிள்யு.எக்ஸ்.ஒய்.சி. 1994 நவம்பர் 7-ல் தன் ஒலிபரப்பை இணையத்திலும் விட்டது. ஃபங்க் தேடுபவர்களுக்குப் பெரிய கதவைத் திறந்தது நியூ ஜெர்சியின் டபிள்யு.எஃப்.எம்.யு. அது அப்சாலா கல்லூரியின் நிலையமாக இருந்தது. 1995-ல் கல்லூரி மூடப்பட்டது, நிலையம் தனித்து நின்றது. விளம்பரம் கிடையாது, நேயர் தரும் காசில்தான் ஓடுகிறது. நிகழ்ச்சி நடத்துபவர் எதைப் போட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. 1997-ல் இணையத்துக்கு வந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பாட்டுப் பட்டியலையும் பழைய நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவையும் சேமித்து வைத்தது. அங்கே மிஸ்டர் ஃபைன் வைன் என்ற பெயரில் ஒருவர் நடத்திய 'டவுன்டவுன் சோல்வில்' நிகழ்ச்சி, 45 சுற்றுத் தட்டுகளிலிருந்தே சோலும் ஃபங்கும் போட்டது. நிகழ்ச்சியில் அலட்டல் கிடையாது. நாலைந்து தட்டுகளைத் தொடர்ந்து போட்டுவிட்டு, குழு, பாட்டு, லேபிள் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். அந்தப் பெயர்களின் வரிசைதான் பலருக்குப் பாடப்புத்தகம்.

பிறகு கூட்டம் சேர்ந்தது. லாஸ் ஏஞ்சலஸில் 1999-லேயே டப்லேப். லண்டனின் ஹாக்னியில் 2011-ல் ஃபெமி அடெயெமி தொடங்கிய என்.டி.எஸ். ப்ரூக்ளினில் ஒரு கப்பல் கன்டெய்னருக்குள் 2016-ல் தொடங்கிய லாட் ரேடியோ. அதே ஆண்டு ஜைல்ஸ் பீட்டர்சன் தொடங்கிய வேர்ல்ட்வைட் எஃப்.எம். இவற்றில் ஃபங்க் என்பது பல இசைகளில் ஒன்று. சனி இரவு ஒரு மணி நேரமோ மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரமோ கிடைக்கும்.

தேடுபொறியும் பரிந்துரை இயந்திரமும் இருக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்கலாம். தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும். யாரும் கேட்டிராத குழுவின் பெயரை எப்படித் தட்டச்சு செய்வது? பரிந்துரை இயந்திரம் பெரும்பாலும் கூட்டுக் கணக்கில் இயங்குகிறது: இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறெதைக் கேட்டார்கள் என்று பார்க்கிறது. ஒரு பாட்டை முன்பு யாருமே கேட்கவில்லை என்றால் அதற்கு அண்டைவீடு இல்லை; இயந்திரம் அந்தத் தெருவுக்கே வராது. 2002-ல் லண்டனில் தொடங்கிய ஷஸாம் போன்ற சேவைகள் பாட்டின் ஒலிரேகையைத் தங்கள் கிடங்கோடு ஒப்பிடுகின்றன. கிடங்கில் இல்லாத தட்டுக்கு அவை வாய் திறக்காது. ஆக, அலமாரியில் தட்டு வைத்திருக்கும் ஒரு மனிதர் அதை எடுத்து ஊசியின் கீழே வைத்தால்தான் சங்கிலியின் முதல் கண்ணி உண்டாகிறது. மனிதர் போட்ட பிறகு பட்டியல் வருகிறது, பட்டியலிலிருந்து டிஸ்காக்ஸ் வருகிறது.

டிஸ்காக்ஸை ஓரேகான் மாநிலத்தின் போர்ட்லாண்டில் கெவின் லெவண்டோவ்ஸ்கி 2000-ல் எலக்ட்ரானிக் இசைக்கான பட்டியலாகத் தொடங்கினார். பயனர்களே நிரப்பும் உலகத் தட்டுப் பதிவேடாக அது வளர்ந்தது. வானொலியில் ஒரு பெயரைப் பிடித்த நேயர் அங்கே போகிறார். லேபிளின் படம், ஊர், பாட்டெழுதியவர் பெயர், விற்ற விலை. தட்டின் கடைசி வரிப்பள்ளத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையான வளையம் ஒன்று இருக்கும். அதில் கீறியிருக்கும் எண்கள் அச்சடித்த ஆலையைக் காட்டிக்கொடுக்கும். சின்சினாட்டியின் ரைட் ரெக்கார்ட்ஸ் போன்ற கூலி ஆலைகளின் எண் வரிசையை வைத்துத் தேதியில்லாத தட்டுக்கு ஆண்டு சொல்லிவிடுகிறார்கள். கல்வெட்டின் எழுத்தமைதியை வைத்துக் காலம் கணிக்கும் கலைக்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. அடுத்து, பழைய தொலைபேசிப் புத்தகம். பாட்டெழுதியவர் அதே ஊரில், அதே தெருவில் இருக்கக்கூடும்.

இப்படித் தேடிப்போனவர்களால் நடந்தவற்றில் நான் அடிக்கடி நினைப்பது ஹூஸ்டன் காஷ்மீர் உயர்நிலைப் பள்ளியின் கதையை. பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரர் ஏமாறக்கூடும். அது காஷ்மீர் கார்டன்ஸ் என்ற கருப்பினப் பகுதியில் உள்ள அரசுப் பள்ளி. இசை ஆசிரியர் கான்ராட் ஜான்சன், சோல் பாடகர் ஓடிஸ் ரெட்டிங்கின் கச்சேரி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, பள்ளியின் மேடை இசைக்குழுவை ஃபங்க் பக்கம் திருப்பினார். மற்ற பள்ளிக் குழுக்கள் பழைய ஸ்விங் ஜாஸை அடக்கமாக வாசித்தபோது, இந்தப் பிள்ளைகள் ஆடிக்கொண்டே வாசித்துப் போட்டிகளை வென்றார்கள். ஐரோப்பாவும் ஜப்பானும் போனார்கள். நிதி திரட்டவும் நினைவுக்காகவும் தட்டுகள் அச்சடித்தார்கள். பெற்றோரும் உறவினரும் வாங்கினார்கள். ஜான்சன் 1978-ல் ஓய்வு பெற்றார், குழுவும் தேய்ந்தது.

அந்தத் தட்டுகள் பழைய சாமான் கடைகள் வழியாகச் சேகரிப்பாளர் கைக்கு வந்தன. கேட்டவர்கள் நம்ப மறுத்தார்கள்: பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளின் டிரம்ஸா இது? ஈகான் என்று அறியப்படும் ஈயோதன் அலபட் ஜான்சனைத் தேடிக் கண்டுபிடித்தார். 2006-ல் ஈகானின் நவ்-அகெய்ன் நிறுவனம் 'டெக்சஸ் தண்டர் சோல்' என்ற தொகுப்பை வெளியிட்டது. வானொலிகள் எடுத்துக்கொண்டன. முன்னாள் மாணவர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், பெட்டிக்குள் கிடந்த கருவிகளைத் தூசி தட்டி ஒன்றுகூடினார்கள். 2008 பிப்ரவரித் தொடக்கத்தில் 92 வயது ஆசிரியருக்கு முன்னால் மறுபடி வாசித்தார்கள். அடுத்த சில நாள்களில் அவர் இறந்தார். 'தண்டர் சோல்' என்ற ஆவணப்படம் 2010-ல் வந்தது. இந்தக் கதை இவ்வளவு அழகாக முடிந்ததற்குக் காரணம், உரிமை யாருடையது என்று தெரிந்திருந்தது, ஆசிரியர் உயிரோடு இருந்தார், தேடியவர் நேர்மையாக நடந்தார். மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம்.

எதிர்ப்பக்கக் கதைக்கு வின்ஸ்டன்ஸ் குழு போதும். 1969-ல் அவர்களுடைய 'கலர் ஹிம் ஃபாதர்' தட்டின் மறுபக்கத்தை நிரப்ப 'ஆமென், பிரதர்' என்ற வாத்திய இசையைப் பதித்தார்கள். அதில் டிரம்மர் கிரெகரி கோல்மன் தனியாக வாசித்த நான்கு சுழற்சி, ஏழு விநாடிகூட வராது. 1986-ல் டிஜேக்களுக்காக வந்த ஒரு தொகுப்பில் அது சேர்ந்தது. பிறகு ஹிப்-ஹாப்பிலும் பிரிட்டனின் ஜங்கிள் இசையிலும் ஆயிரக்கணக்கான பாட்டுகளின் முதுகெலும்பானது. கோல்மன் 2006-ல் வீடற்றவராக இறந்தார். அந்த ஏழு விநாடிக்காக ஒரு காசும் வாங்கியதில்லை. குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிக் கொடுத்தது ஏறக்குறைய 24,000 பவுண்டு. அது நன்கொடை. ராயல்டி என்ற கணக்கில் அவருக்கு வரவேண்டியது வரவேயில்லை.

இணைய வானொலி இந்தக் கணக்கை நேர்செய்கிறதா? சட்டத்தில் விநோதமான இடம் இது. அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பதிவைப் போட்டால் பாட்டெழுதியவருக்குப் பணம் போகும், வாசித்தவருக்கும் பாடியவருக்கும் போகாது. இணையத்தில் போட்டால் அவர்களுக்கும் போக வேண்டும். சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு அதை வசூலித்து, பாதியைப் பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கும், மீதி 5-ஐப் பக்கவாத்தியக்காரருக்கும் பிரிக்கிறது. காகிதத்தில் இது பழைய வானொலியைவிட நியாயமானது. ஆனால் பணம் வாங்கப் பதிவு செய்திருக்க வேண்டும். 1971-ல் முந்நூறு தட்டு அச்சடித்துவிட்டு ஆலை வேலைக்குத் திரும்பிப்போனவருக்கு அப்படியோர் அமைப்பு இருப்பதே தெரியாது. இதற்கு மேல் இன்னொரு ஓட்டை: 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்க மத்தியச் சட்டத்தில் இந்தப் பாதுகாப்பே இல்லாமல் இருந்தது. இங்கே பேசும் ஃபங்க் தட்டுகளில் பல அந்தத் தேதிக்கு அந்தப்பக்கம். 2018-ன் இசை நவீனமயச் சட்டம்தான் அந்த ஓட்டையை அடைத்தது.

அதே சட்டத் தொகுதி நிகழ்ச்சிகளின் உருவத்தையும் தீர்மானிக்கிறது. 1998-ன் விதிப்படி, தனித்தனி அனுமதி வாங்காமல் ஒலிபரப்பும் இணைய நிலையம் மூன்று மணி நேரத்துக்குள் ஒரே ஆல்பத்திலிருந்து மூன்று பாட்டுக்கு மேலோ, ஒரே கலைஞருடைய நான்கு பாட்டுக்கு மேலோ போடக் கூடாது. என்ன போடப்போகிறோம் என்று முன்கூட்டியே பட்டியல் வெளியிடவும் கூடாது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த நிகழ்ச்சியைச் சேமித்து வைத்துக் கேட்பவர் விருப்பப்படி வழங்கவும் இந்தச் சலுகை இடம் தராது. அதற்கு உரிமையாளர்களிடம் நேரடி அனுமதி வேண்டும். பெருநிறுவனங்கள் தங்கள் விற்பனையைக் காக்கக் கேட்டு வாங்கிய விதிகள் இவை. ஃபங்க் நிகழ்ச்சிக்கு இதனால் நட்டமில்லை என்பதுதான் வேடிக்கை. வாழ்நாளில் ஒரே ஒரு தட்டுப் போட்ட குழுவிடம் ஐந்தாவது பாட்டுக்கு எங்கே போவது?

அரியது என்ற சொல்லில் எனக்குச் சந்தேகம் உண்டு. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் பாடல்களைத் தொகுத்து 'சொல்ல சொல்ல' என்ற பெயரில் தட்டு வெளியிட்டது. ஐரோப்பிய டிஜேக்களுக்கு அது புதையல். நமக்கு அவை டீக்கடையிலும் பேருந்திலும் கேட்டுச் சலித்த, சலித்தும் தீராத பாட்டுகள். பெனினின் போலி-ரித்மோ குழுவும் அப்படித்தான். கோட்டோனுவில் நூற்றுக்கணக்கான பாட்டுகளைப் பதித்து, ஊரறிந்த குழுவாக இருந்தது. அனலாக் ஆஃப்ரிக்கா நிறுவனத்தின் சாமி பென் ரெட்ஜெப் அவற்றைத் தொகுத்து வெளியிட்டதும் மேற்கில் அரிய ஃபங்க் ஆயிற்று. யாருக்கு அரியது என்று கேட்டால் பதில் எப்போதும் ஓர் அலையின் எல்லையில் போய் நிற்கும். அந்தப்பக்கம் நின்றவருக்கு அரியது, இந்தப்பக்கம் நின்றவருக்கு அன்றாடம்.

அரிதாக இருப்பதாலேயே நல்லதாகிவிடுவதும் இல்லை. சுருதி சேராத ஊதுகருவி, தடுமாறும் டிரம்மர், ஜேம்ஸ் பிரவுனின் அலறலை அப்படியே நகலெடுத்த பாடகர் என மறக்கப்பட்டதற்குத் தகுந்த காரணம் கொண்ட தட்டுகள் பல நூறு. சில சேகரிப்பாளர்கள் விலைப்பட்டியலைக் காதால் கேட்கிறார்கள். இந்தப் பழமை மோகத்தை நியூயார்க்கின் டெஸ்கோ நிறுவனத்தார் 1990-களில் நன்றாகவே பகடி செய்தார்கள். தாங்களே புதிதாக வாசித்துப் பதிந்ததை, 1970-களின் குங்ஃபூ படம் ஒன்றின் இசை மறுவெளியீடு என்று சொல்லி 'தி ரிவெஞ்ச் ஆஃப் மிஸ்டர் மோபோஜி' என்ற பெயரில் விற்றார்கள். அப்படியொரு படமே கிடையாது. நல்ல காது கொண்டவர்கள்கூட ஏமாந்தார்கள். அந்தக் கூட்டத்திலிருந்து உருவானதுதான் பின்னாளில் பாடகி ஷரோன் ஜோன்ஸைப் பாட வைத்த டாப்டோன் நிறுவனம்.

வானொலி நடத்துபவரின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது. பத்தாயிரம் தட்டைக் கேட்டு ஒன்பதாயிரத்தைத் தள்ளியவரின் காது அது. என்ன போட்டார் என்பது பட்டியலில் இருக்கும். என்ன போடவில்லை என்பதுதான் அவருடைய உழைப்பு. அதே காதுதான் ஒரு பிழையையும் செய்கிறது. ஹிப்-ஹாப் வழியாக வந்த தலைமுறை டிரம்ஸ் தனித்து ஒலிக்கும் இடத்தைத் தேடியே தட்டுகளைப் புரட்டியது. வாத்திய இசை, வேகமான தாளம், கனத்த பேஸ் எல்லாம் மேலே வந்தன. அதே தட்டின் மறுபக்கத்தில் அந்தக் குழு தன் முழு ஆசையையும் வைத்துப் பாடிய மெதுவான காதல் பாட்டு இருக்கும். குழுவைக் கேட்டால் அதுதான் எங்கள் பாட்டு, இந்தப்பக்கம் சும்மா நேரம் நிரப்ப வாசித்தது என்று சொல்லக்கூடும். 'ஆமென், பிரதர்' அப்படி நிரப்பிய பக்கம்தானே. அதன் முன்பக்கமான 'கலர் ஹிம் ஃபாதர்' கிராமி விருது வாங்கிய பாட்டு. இன்று அதைப் போடுபவர் சிலரே. சிகாகோவின் நியூமெரோ குரூப் வெளியிடும் 'எக்சென்ட்ரிக் சோல்' மறுவெளியீட்டு வரிசை இந்தச் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தியிருக்கிறது. அவர்களுடைய முதல் தொகுப்பே பில் மாஸின் கேப்சோல் பற்றியது. அதில் நிறைய மெதுவான பாட்டுகள்.

இணைய வானொலிகள் சேமித்து வைத்த இந்த ஒலிப் பெட்டகங்கள் எத்தனை நாள் இருக்கும் என்ற கேள்வி இப்போதே எழுந்துவிட்டது. 1990-களில் ரியல் ஆடியோ வடிவத்தில் சேமித்த நிகழ்ச்சிகளை இன்றைய சாதாரண உலாவி திறப்பதில்லை. யாராவது மாற்றிப் பதிய வேண்டும். வேர்ல்ட்வைட் எஃப்.எம். பணமில்லாமல் 2022-ன் பிற்பகுதியில் நேரலையை நிறுத்தி வைத்தது. மாதா மாதம் சர்வர் வாடகை கட்டும் ஆள் களைத்துப்போனால் இருபதாண்டுப் பட்டியல் ஒரே இரவில் போகும். டபிள்யு.எல்.ஏ.சி.யின் இரவு நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று, அப்போது யாரும் அதைப் பதிவு செய்ய நினைக்கவில்லை. ராண்டீஸ் கடையிலிருந்து தபாலில் போன தட்டுகள் மட்டும் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் சில, அடுத்த சனி இரவு ஏதாவதொரு நிலையத்தில் சுழலும்.